ரன்-ஃப்ளாட் டயரில் காற்று இறங்கினால்: மஞ்சள் விளக்கு எரிவதிலிருந்து பஞ்சர் கடை வரை

உளுந்தூர்ப்பேட்டை தாண்டிப் பத்து நிமிடம் இருக்கும். இரவு ஒன்பதரை மணி. திருச்சிக்குப் போய்க்கொண்டிருந்தோம். பின்சீட்டில் அம்மாவும் மகளும் தூங்கிவிட்டார்கள். டேஷ்போர்டில் குதிரை லாடம் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு, நடுவில் ஆச்சரியக்குறி. ஸ்டீயரிங்கில் இழுப்பு இல்லை, சத்தம் இல்லை, ஆட்டம் இல்லை. விளக்கு மட்டும் எரியாமல் இருந்திருந்தால் வலது பின்டயரில் காற்றில் பாதிக்கு மேல் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்திருக்கவே தெரியாது.

அது ரன்-ஃப்ளாட் டயர், அதாவது காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடியது. அந்த டயரை அன்று காப்பாற்ற முடிந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, கிட்டத்தட்ட இதே மாதிரி ஓர் ஆணி என் மச்சான் வண்டியில் ஏறியது. திண்டிவனம் பக்கம் விளக்கு எரிந்திருக்கிறது. "ரன்-ஃப்ளாட் தானே மாமா, ஓடும்" என்று வழக்கமான வேகத்திலேயே சென்னை வீடு வரை வந்துவிட்டார். வண்டி வந்து சேர்ந்தது உண்மைதான். மறுநாள் டயரைக் கழற்றியபோது உள்ளேயிருந்து கைநிறையக் கறுப்பு ரப்பர் தூள் கொட்டியது. சின்ன ஆணி ஓட்டை, ஆனால் டயர் குப்பைக்குத்தான் போனது.

இரண்டு வண்டியிலும் ஏறியது ஒரே அளவு ஆணி. நான் டயரில் காற்று இருக்கும்படி பார்த்து ஓட்டினேன், அவர் காற்றில்லாமல் ஓட்டினார், அவ்வளவுதான் வேறுபாடு. ரன்-ஃப்ளாட் டயருக்கு காற்றில்லாமல் ஓடும் திறமை இருக்கிறது. அதை வேறு வழியே இல்லாதபோது மட்டும் பயன்படுத்த வேண்டும். கீழே நான் சொல்லப்போகும் எல்லாம் இதையொட்டியதுதான்.

முதலில் வீட்டிலேயே பாருங்கள்: உங்கள் டயர் ரன்-ஃப்ளாட்டா?

இதை நடுரோட்டில் இருட்டில் தேடக் கூடாது. இன்றைக்கே வண்டியைச் சுற்றி வந்து நான்கு டயரின் சைடு வாலையும் (பக்கச் சுவர்) படியுங்கள். எல்லாக் கம்பெனியும் ஒரே பெயரை எழுதுவதில்லை. பிரிட்ஜ்ஸ்டோனில் ஆர்எஃப்டி என்றிருக்கும். மிஷ்லினில் ஜீரோ பிரஷர் என்பதன் சுருக்கமாக இசட்பி. குட்இயரில் ஆர்ஓஎஃப், கான்டினென்டலில் எஸ்எஸ்ஆர், டன்லப்பில் டிஎஸ்எஸ்டி, ஹான்குக்கில் எச்ஆர்எஸ், பிரெல்லியில் நேராகவே ரன் ஃப்ளாட். மெர்சிடிஸுக்கென்று செய்த ரன்-ஃப்ளாட்டில் எம்ஓஇ என்றிருக்கும். பிஎம்டபிள்யூ டயர்களில் காணும் நட்சத்திரக் குறியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அது அந்தக் கம்பெனி ஒப்புதல் கொடுத்த டயர் என்பதற்கான குறிதான். ரன்-ஃப்ளாட்டா இல்லையா என்பதை அது சொல்லாது.

நான்கையும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய பிஎம்டபிள்யூ, மினி வாங்குபவர்கள் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். ரன்-ஃப்ளாட்டின் விலையையும், பள்ளத்தில் அது தூக்கிப்போடுவதையும் பொறுக்க முடியாமல் முதல் சொந்தக்காரர் சாதாரண டயருக்கு மாறியிருப்பார். சிலர் இரண்டை மட்டும் மாற்றியிருப்பார்கள். வாங்கியவருக்கு அது தெரியாது. "பிஎம்டபிள்யூ என்றால் ரன்-ஃப்ளாட்" என்று நம்பிக் காற்றில்லாத சாதாரண டயரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். ரிம்மும் போகும், வண்டியும் கட்டுப்பாட்டை இழக்கும்.

டிக்கியில் ஸ்டெப்னி இல்லை என்பதால் மட்டும் ரன்-ஃப்ளாட் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். டியூப்லெஸ் டயர், காற்றழுத்தக் கண்காணிப்பு, பஞ்சர் கிட் இவை இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று நம் நாட்டு மோட்டார் வாகன விதிகளை 2020-இல் திருத்தினார்கள். அதற்குப் பிறகு சாதாரண டயரோடு, ஸ்டெப்னி இல்லாமலேயே பல கார்கள் வருகின்றன. சைடு வாலில் உள்ள எழுத்துதான் ஆதாரம்.

கையோடு இன்னொன்றையும் தேடிப் பிடியுங்கள். சக்கரத்தில் வீல் லாக் போல்ட் (திருட்டைத் தடுக்கும் பூட்டு போல்ட்) இருந்தால், டிக்கியின் தரைக்கு அடியில் டூல் பெட்டியில் அதற்கான சாவித் துண்டு இருக்க வேண்டும். விரல் நீளம்கூட இருக்காது. அது இல்லையென்றால் கடைக்காரரால் சக்கரத்தை எளிதில் கழற்ற முடியாது. பழைய வண்டிகளில் இது காணாமல் போயிருப்பது சகஜம்.

80 கிலோமீட்டர் என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது

சாதாரண டயரில் வண்டியின் எடையைத் தாங்குவது காற்று. காற்று போனால் சைடு வால் மடங்கி நசுங்கிவிடும். ரன்-ஃப்ளாட்டில் அந்தச் சுவரைத் தடிமனாக, கெட்டியான ரப்பர் கொடுத்துக் கட்டியிருக்கிறார்கள். காற்று போனாலும் சுவரே வண்டியைத் தூக்கி நிற்கும். 1997-இல் வந்த ஐந்தாம் தலைமுறை கார்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் இந்த மாதிரி டயரை நம்பி ஸ்டெப்னி இல்லாமலே விற்பனைக்கு வந்தது. நம் ஊருக்கு வந்த பிஎம்டபிள்யூக்கள் பலவற்றிலும் ரன்-ஃப்ளாட் டயர்தான் இருந்தது.

ஆனால் காற்றில்லாமல் சுழலும்போது, தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் அந்தச் சுவர் கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது. நிமிடத்துக்குப் பல நூறு முறை. ஒரு கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் வளைந்த இடம் சூடாகும் இல்லையா, அதேதான் இங்கேயும். சூடு ஏற ஏற உள்பக்க ரப்பர் உதிரத் தொடங்கும். மச்சான் டயரில் கொட்டிய தூள் அதுதான். வேகம் கூடினால் சூடு கூடும், எடை கூடினாலும் கூடும். அதனால்தான் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் 80 கிலோமீட்டர் தூரம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். சில பழைய பிஎம்டபிள்யூ கையேடுகளில் எடைக்குத் தக்கபடி கணக்குக் கொடுத்திருந்தார்கள்: ஒருவர் இருவர் மட்டும் சாமான் இல்லாமல் என்றால் 250 கிலோமீட்டர் வரை, நான்கு பேரும் டிக்கி நிறையச் சாமானும் என்றால் 50 கிலோமீட்டர்தான். எடை எவ்வளவு பெரிய விஷயம் என்பது இதிலேயே தெரியும். உங்கள் வண்டிக்கான கணக்கு உங்கள் கையேட்டில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள்.

நாம் குடும்பத்தோடு, சாமான்களோடு, சித்திரை வெயிலில் கொதிக்கும் ரோட்டில் ஓட்டுகிறோம். அதனால் 80 என்பதை உச்ச வரம்பாக மட்டும் வைத்துக்கொண்டு, 40-க்குள் நிறுத்த இடம் தேடுவது என்று நான் வைத்திருக்கிறேன். வேகமும் 80 கிடையாது, 50 முதல் 60.

விளக்கு எரிந்ததும்

பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகம் தானாகக் குறைய விடுங்கள். ஸ்டீயரிங்கை வெட்டாமல், இண்டிகேட்டர் போட்டு இடது தடத்துக்கு வாருங்கள். பின்டயரில் காற்று இல்லாத வண்டி வளைவில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் பிடிப்பை இழக்கும், பிரேக் பிடித்தால் நிற்கவும் கூடுதல் தூரம் எடுக்கும். வண்டியின் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டை அணைத்து வைத்திருந்தால் இப்போதே போட்டுவிடுங்கள்.

அப்புறம் ட்ரிப் மீட்டரை பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். இதை நிறையப் பேர் செய்வதில்லை. அரை மணி நேரம் கழித்து "எவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்டால் பதட்டத்தில் யாருக்கும் தெரியாது. கடைக்காரரும் முதலில் அதைத்தான் கேட்பார்.

ரன்-ஃப்ளாட் உங்களுக்குத் தருகிற மிகப் பெரிய வசதி, எங்கே நிற்பது என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்பதுதான். இருட்டான வளைவிலோ மேம்பாலத்திலோ லாரிகள் உரசிப் போகும் குறுகலான ஓரத்திலோ நிற்க வேண்டிய தேவையே இல்லை. இரண்டு கிலோமீட்டர் மெதுவாக உருட்டினால் ஒரு பெட்ரோல் பங்க்கோ, டீக்கடையோ, டோல்கேட்டோ வந்துவிடும். வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஓரத்திலேயே நிறுத்த வேண்டி வந்தால் நான்கு விளக்கையும் மினுக்க விட்டு, எல்லோரையும் இடது பக்கக் கதவு வழியாக இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்கள். சிவப்பு முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் குறைந்தது ஐம்பது மீட்டர் தள்ளி வையுங்கள். வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்து.

இறங்கியதும் கண்ணை நம்ப வேண்டாம்

காற்று முழுக்கப் போன ரன்-ஃப்ளாட் டயர் பார்வைக்கு நல்ல டயர் மாதிரியேதான் நிற்கும். எட்டி உதைத்துப் பார்ப்பதும் உதவாது. அளவுமானி கையில் இருக்க வேண்டும். வண்டி ஒவ்வொரு டயரின் அழுத்தத்தையும் எண்ணாகக் காட்டும் வகையா, எச்சரிக்கை மட்டும் தரும் வகையா என்று தெரிந்து வைத்திருங்கள். முதல் வகையில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் சென்சார் இருக்கும். இரண்டாவது வகை, ஏபிஎஸ் சென்சார்களை வைத்துச் சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிடும். காற்று குறைந்த டயரின் சுற்றளவு சற்றுக் குறைவதால் அது மற்றவற்றைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. நான்கு டயரிலும் ஒரே மாதிரி மெல்லக் காற்று இறங்கினால் இந்த வகைக்குத் தெரியாது.

நான்கையும் அளந்து பாருங்கள். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்க வேண்டிய அளவு எழுதியிருக்கும். மாடலுக்கும் எடைக்கும் ஏற்ப அது மாறும். செல்போன் டார்ச்சைப் பிடித்து டயரின் பட்டன் பகுதியை (ரோட்டைத் தொடும் பரப்பு) முழுக்கச் சுற்றிப் பாருங்கள். மறைவாக இருந்தால் வண்டியை அரைச் சுற்று நகர்த்திப் பாருங்கள். ஆணியோ திருகாணியோ தெரிந்தால் பிடுங்காதீர்கள். ஓட்டையை இப்போதைக்கு அடைத்துக்கொண்டிருப்பதே அதுதான். என் அம்மாகூட அன்று எழுந்து வந்து, "ஆணி தெரியுதே, எடுத்துப் போட்டுட வேண்டியதுதானே" என்றார். எடுத்திருந்தால் அந்த இடத்திலேயே மிச்சக் காற்றும் போயிருக்கும்.

டயரில் காற்று நிற்கிறதா? அப்படியென்றால் டயர் பிழைத்தது

டிக்கியில் ஒரு 12 வோல்ட் காற்றடிக்கும் பம்ப் வைத்துக்கொள்ளுங்கள். ரன்-ஃப்ளாட் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் நான் சொல்வது இதைத்தான். வண்டியோடு இது பெரும்பாலும் வராது. ரன்-ஃப்ளாட் இருக்கும்போது எதற்கு என்று கம்பெனி நினைக்கிறது. ஆனால் டயரைக் காப்பாற்றுவது அந்தச் சின்ன பம்ப்தான்.

அன்று என் டயரில் காற்றழுத்தம் 17 பிஎஸ்ஐ இருந்தது. இன்ஜினை ஓடவிட்டு பம்ப்பைச் சொருகி, கதவுத் தாளில் சொன்ன அளவுக்கு ஏற்றினேன். என் வண்டிக்கு அது 36. பிறகு அவசரப்படாமல் பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி அளந்தேன். 35 காட்டியது. அதாவது ஆணி இன்னும் ஓட்டையை ஓரளவு அடைத்துக்கொண்டிருக்கிறது, காற்று மெல்லத்தான் கசிகிறது. இந்த நிலையில் அது காற்றுள்ள டயர்தான். சுவர் அந்த அளவுக்கு வளையாது, சூடாகாது, 80 கிலோமீட்டர் கணக்கில் ஒரு மீட்டர்கூடச் செலவாகாது.

அங்கிருந்து 60 வேகத்தில் கிளம்பி, இருபது கிலோமீட்டருக்கு ஒரு முறை நிறுத்தி அளந்தேன். பெரம்பலூரில் 31-க்கு இறங்கியிருந்தது, மறுபடி ஏற்றிக்கொண்டேன். நள்ளிரவுக்கு மேல் திருச்சி வந்து சேர்ந்தோம். நேரம் அதிகம்தான் ஆனது, ஆனால் டயர் ஒரு தடவைகூடக் காற்றில்லாமல் ஓடவில்லை.

பத்து நிமிடத்தில் ஐந்தாறு பிஎஸ்ஐ இறங்குகிறது என்றால் பக்கத்தில் இருக்கும் ஊர் வரைக்கும் மட்டும் போங்கள், இன்னும் அடிக்கடி அளங்கள். சுடு டயரில் அழுத்தம் சில பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும், அதைக் கண்டு ஏமாற வேண்டாம்.

கடைகளில் விற்கும் பசை டப்பாவை வால்வு வழியாக அடிக்கலாமா என்று கேட்பார்கள். ரன்-ஃப்ளாட்டில் வேண்டாம் என்பதே என் கருத்து. அது உள்ளே எல்லா இடத்திலும் ஒட்டி, சென்சாரையும் கெடுக்கலாம். பிறகு உள்பக்கத்தைச் சோதிப்பதும் ஒட்டுவதும் கடினம்.

காற்று நிற்கவே இல்லை என்றால்

பம்ப் ஓடும்போதே இறங்குகிறது, அல்லது பம்ப்பே இல்லை. இப்போதுதான் ரன்-ஃப்ளாட்டின் திறமையைப் பயன்படுத்த வேண்டும். கிளம்பும் முன் உட்கார்ந்து ஒரு முடிவெடுங்கள்: எந்த ஊருக்கு? மேப்பைத் திறந்து, மிக அருகில் உள்ள பெரிய டயர் கடையைத் தேடுங்கள். வீடு இருக்கும் திசையைப் பார்க்காதீர்கள். உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் நின்றால் விழுப்புரம் சுமார் ஐம்பது கிலோமீட்டர் பின்னால், பெரம்பலூர் அறுபது சொச்சம் முன்னால், திருச்சி நூறைத் தாண்டி. திருச்சிக்குப் போக வேண்டியவர் திரும்பி விழுப்புரம் போவது மனசுக்குக் கஷ்டம்தான். ஆனாலும் அதுதான் சரி. இரவு என்றால் விழுப்புரத்திலேயே லாட்ஜில் தங்கிக் காலையில் கடைக்குப் போங்கள். கடைக்கு முன்கூட்டியே போன் செய்து "ரன்-ஃப்ளாட் கழற்றி மாட்டும் மெஷின் இருக்கிறதா, இந்த அளவு டயர் கையிருப்பில் இருக்கிறதா" என்று கேளுங்கள். இல்லையென்றால் அங்கே போயும் பயனில்லை.

முடிந்தால் எடையைக் குறையுங்கள். வேறு வண்டியோ பேருந்தோ கிடைத்தால் மற்றவர்களையும் பெட்டிகளையும் அதில் அனுப்பிவிட்டு நீங்கள் மட்டும் ஓட்டுங்கள். இடது தடத்தில், 50-60 வேகத்தில், ஏசி ஃபேனைக் குறைத்து, பாட்டை நிறுத்தி, சத்தத்தைக் கவனித்தபடி போங்கள். பள்ளத்தையும் வேகத்தடையையும் ஊர்ந்தே கடக்க வேண்டும். காற்றில்லாதபோது ரிம்முக்குப் பாதுகாப்பு மிகக் குறைவு.

புதிதாக அதிர்வு வந்தாலோ, தட்தட்டென்று அடித்தாலோ, ரப்பர் கருகும் வாசனை வந்தாலோ, அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது. டயர் பிய்யப்போகிறது என்று அர்த்தம். வேகத்தை மெல்லக் குறைத்து நிறுத்திவிடுங்கள். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று மட்டும் ஓட்டாதீர்கள். பிய்ந்த துண்டு பிரேக் குழாயையும் மட்காடையும் கிழிக்கும்.

ஓட்டவே கூடாத நிலைகள்

சைடு வாலில் வெட்டு, கிழிசல். வண்டியைத் தாங்குவதே அந்தச் சுவர்தான், அது கிழிந்தால் ரன்-ஃப்ளாட் என்று ஒன்றும் மிச்சமில்லை. ரிம் விளிம்பு வளைந்தோ உடைந்தோ இருந்தாலும் அப்படித்தான். நம் ஊர்ச் சாலைகளில் இவையும் அடிக்கடி நடக்கின்றன. கெட்டிச் சுவரும் உயரம் குறைந்த டயரும் பள்ளத்தின் கூர்மையான விளிம்பில் மோதினால் அடியை வாங்கிக்கொள்ள இடமே இல்லை.

சுவரில் முட்டை மாதிரி வீக்கம் இருந்தால் அது வேறு விஷயம். காற்று இறங்கியிருக்காது, விளக்கும் எரியாது. உள்ளே இழைகள் அறுந்துவிட்டன, எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். அதை ஒட்டவோ சரிசெய்யவோ வழியில்லை. மெதுவாகப் பக்கத்துக் கடைக்குப் போய் மாற்ற வேண்டியதுதான், நெடுஞ்சாலை வேகம் கூடவே கூடாது.

சுவர் கிழிந்தோ ரிம் வளைந்தோ இருந்தால் உங்கள் கார் கம்பெனியின் அல்லது காப்பீட்டின் சாலையோர உதவியை அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணுக்கு அழைத்தால் ரோந்து வண்டியும் தேவைப்பட்டால் கிரேனும் வரும், அவசரம் என்றால் 112. முக்கியமாக ஒன்று: வண்டியை மேலே ஏற்றிக்கொண்டு போகும் ஃப்ளாட்பெட் வண்டிதான் வேண்டும் என்று கேளுங்கள். நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியை இரண்டு சக்கரத்தைத் தூக்கி, இரண்டை ரோட்டில் உருட்டி இழுத்தால் கியர் பெட்டி கெட்டுவிடும். இழுவைக் கொக்கி டூல் பெட்டியில் இருக்கும். பம்பரில் உள்ள சின்ன மூடியைத் திறந்து திருகி மாட்ட வேண்டும்.

பஞ்சர் கடையில்

காலையில் கடைக்காரரிடம், "அண்ணே, டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே பார்க்கணும்" என்றேன்.

"எதுக்கு சார்? வெளியிலிருந்தே திரி விட்டா அஞ்சு நிமிஷ வேலை."

"வேலைக்கு எவ்வளவு ஆனாலும் பரவாயில்லைண்ணே. உள்ளே ரப்பர் உதிர்ந்திருக்கான்னு தெரியணும்."

வெளியிலிருந்து சொருகும் ரப்பர் திரி தற்காலிகமானது. பக்கத்து ஊர் வரை போக அது போதும். ஆனால் ரன்-ஃப்ளாட்டில் சேதம் இருந்தால் உள்ளேதான் இருக்கும், வெளியில் ஒன்றுமே தெரியாது. அதனால் கழற்றாமல் எந்த முடிவும் எடுக்க முடியாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கழற்றுவதற்கும் தகுந்த மெஷின் வேண்டும். முன்பு ஒருமுறை ரோட்டோரக் கடைக்காரர் ஒருவர் நேர்மையாகவே சொன்னார்: "சுவர் கல்லு மாதிரி இருக்கு சார். நம்ம மெஷின்ல போட்டு இழுத்தா விளிம்பு கிழிஞ்சிரும். பெரிய கடைக்கே போங்க." கடப்பாரை வைத்து நெம்புபவரிடம் கொடுக்காதீர்கள். வால்வுக்குப் பக்கத்தில் சென்சார் இருக்கிறது என்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெஷினின் நகம் பட்டால் அது உடையும்.

ஜாக்கி வைக்கும் இடத்தையும் கவனியுங்கள். வண்டியின் அடியில் நான்கு சக்கரங்களுக்குப் பக்கத்திலும் அதற்கென்று இடங்கள் இருக்கும் (பிஎம்டபிள்யூவில் ரப்பர் பட்டைகள்), அவற்றில் மட்டுமே வைக்க வேண்டும். பிஎம்டபிள்யூவில் நட்டுக்குப் பதிலாக போல்ட் இருப்பதால் கடைசி போல்ட்டைக் கழற்றும்போது சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் காலில் விழும்.

டயர் வெளியே வந்ததும் நீங்களே குனிந்து பாருங்கள். உள்ளே கறுப்புத் தூளோ ரப்பர் உருண்டைகளோ இருக்கின்றனவா? உள்சுவரில் சுற்றிலும் வளையம் போல் தேய்ந்த கோடு, சுருக்கம், நிற மாற்றம்? விரலால் தடவிப் பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் டயர் முடிந்தது. யார் "ஒட்டித் தரேன் சார், ஓடும்" என்றாலும் ஒட்டாதீர்கள். அடுத்த முறை அந்தச் சுவர் உங்களைத் தாங்காது. என் டயருக்குள் கடைக்காரர் கையை விட்டுச் சுற்றித் தடவிவிட்டு, "சுத்தமா இருக்கு சார், தூளே இல்ல" என்றார். உளுந்தூர்ப்பேட்டையில் பம்ப்போடு நின்ற நேரத்துக்குப் பலன் கிடைத்தது அப்போதுதான்.

உள்ளே சுத்தம், ஓட்டை பட்டன் பகுதியின் நடுவில், 6 மில்லிமீட்டருக்கு மேல் பெரிதில்லை என்றால் ஒட்டலாம். அதுவும் மஷ்ரூம் ஒட்டு: ஓட்டையை நிரப்பும் தண்டும், உள்பக்கம் ஒட்டும் குடையும் சேர்ந்தது. தோள்பட்டைப் பகுதியிலோ (பட்டனும் சுவரும் சேரும் இடம்) சைடு வாலிலோ ஓட்டை என்றால் கூடாது. ரன்-ஃப்ளாட்டை ஒட்டலாமா என்பதில் டயர் கம்பெனிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. சில கம்பெனிகள் நிபந்தனையோடு அனுமதிக்கின்றன, சில அறவே வேண்டாம் என்கின்றன. உங்கள் டயர் கம்பெனி சொல்வதைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் கணக்கு எளிது: காற்றோடு வந்த டயரை ஒட்டுவேன், காற்றில்லாமல் ஓடிய டயரை, எவ்வளவு தூரம் என்று உறுதியாகத் தெரியாவிட்டால், மாற்றிவிடுவேன்.

புது டயர் என்றால்

சைடு வாலில் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. அதிகம் விற்காத அளவுகளில் பழைய சரக்கு கடையில் தேங்கியிருக்கும், பார்த்து வாங்குங்கள். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரன்-ஃப்ளாட், மறுபக்கம் சாதாரண டயர் என்று போடவே கூடாது. மறுபக்க டயர் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது. நான்கு சக்கர இயக்க வண்டியில் சுற்றளவு வித்தியாசம் கியர் அமைப்பை உறுத்தும் என்பதால் இன்னும் கவனம் வேண்டும்.

செலவைப் பற்றி ஒன்று. வழக்கமான முழுக் காப்பீட்டில் டயர் மட்டும் பழுதானால் பணம் வராது. விபத்தில் வண்டியும் சேர்ந்து அடிபட்டால்தான் வரும், அதுவும் டயர் விலையில் பாதிதான். டயருக்கென்று தனிச் சேர்ப்புக் காப்பீடு இருக்கிறது. வீக்கமும் வெட்டும் அதில் அடங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

வண்டியை எடுக்கும் முன்

சக்கரம் கழற்றி மாட்டியதால் பேலன்ஸிங் பார்க்கச் சொல்லுங்கள். போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பானரில் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பானர்) முறுக்கச் சொல்லுங்கள். காற்றுத் துப்பாக்கியால் அடித்து இறுக்கியதோடு விட்டால் அடுத்த முறை கழற்றவே முடியாது. லாக் போல்ட் சாவியைத் திரும்ப வாங்கி டூல் பெட்டியில் வையுங்கள். இதை கடையிலேயே விட்டுவிட்டு வருபவர்கள் மிக அதிகம்.

நான்கு டயரிலும் சரியான காற்று வைத்த பிறகே திரையில் டயர் அழுத்தப் பகுதிக்குப் போய் ரீசெட் கொடுங்கள். அந்த நேரத்தில் இருக்கும் அழுத்தத்தைத்தான் வண்டி சரியான அளவாக எடுத்துக்கொள்ளும். குறைவாக இருக்கும்போது ரீசெட் கொடுத்தால் குறைவையே சரி என்று பதித்துக்கொண்டு அடுத்த பஞ்சரில் தாமதமாகத்தான் சொல்லும். ரீசெட் கொடுத்ததும் சில நிமிடம் ஓட்டினால்தான் வேலை முடியும், நின்ற இடத்தில் முடியாது.

மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது ஒரு முறை அளந்து பாருங்கள். மற்ற மூன்றோடு ஒத்து இருந்தால் ஒட்டு நன்றாகப் பிடித்திருக்கிறது. ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை இன்னொரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.